குளத்துக்கரையிலிருந்து தேரி வரை: நெல்லைச் சீமையில் கிராவல் சைக்கிள்

பெங்களூரில் வேலை பார்க்கும் பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "பின்லாந்தில் ஏரிகளுக்கு நடுவே, காட்டுக்குள்ளே, பனிப்பாறை விட்டுப்போன மேடுகளின் மேலே, சரளைப் பாதையில் நாலு நாள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வீடியோ பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. நம்ம பக்கம் அப்படி ஒரு பயணம் முடியுமா? என்ன சைக்கிள் வாங்க, எந்த மாசம் வர, எங்கே ஆரம்பிக்க?"

முடியும் தம்பி. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கரைகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்த மூன்றும் இங்கே இருக்கின்றன: நீர்நிலை, காடு, மேடு. மூன்றையும் ஆக்கிய கைகள்தான் வேறு. அது தெரிந்தால் எங்கே ஓட்டலாம், எங்கே இறங்கி உருட்டவேண்டும், எங்கே போகவே கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

பின்லாந்தில் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 1,88,000 ஏரிகள். பெரும்பாலும் பனியுகத்துப் பனிப்பாறை குடைந்து வைத்த பள்ளங்கள். அந்தப் பனிக்கு அடியில் சுரங்கம்போல ஓடிய உருகுநீர் கொண்டுவந்து குவித்த மணலும் கூழாங்கல்லும், பனி கரைந்தபின் நீண்ட முதுகாக நின்றுவிட்டன. அதற்கு எஸ்கர் என்று பெயர். புங்கஹார்யு என்ற இடத்தில் இரண்டு பக்கமும் ஏரி, நடுவே சுமார் 7 கி.மீ. நீளத்துக்கு இப்படி ஒரு முதுகு. மணலும் கல்லும் கலந்ததால் மழை பெய்தாலும் தண்ணீர் உடனே வடிந்துவிடும், சேறு கிடையாது. சைக்கிளுக்கு அதைவிட நல்ல தரை வேண்டியதில்லை.

நம்ம குளம் இயற்கை வெட்டியதல்ல, மனுஷன் வெட்டியது. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி குளங்கள் என்பார்கள். அதில் நெல்லைச் சீமைக் குளங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு. நீளம் 130 கி.மீ.கூட இல்லை. அந்தச் சிறு தூரத்துக்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய். கால்வாயில் கோத்த மணிபோலக் குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். தண்ணீர் போன வழியெல்லாம் கரை, கரைமேலெல்லாம் பாதை. ஆகவே இங்கே சைக்கிளுக்கென்று தனியாக வரைபடம் தேட வேண்டாம். ஒரு கால்வாயைப் பிடித்துத் தலைமடையிலிருந்து கடைமடை வரை போனால் அதுதான் பயணம்.

நம்ம மேடு எது என்று கேட்டால், தேரி. திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி, காயாமொழி என்று கடலோரமாகக் கிடக்கும் சிவப்பு மணல்மேடு. இங்கே பனிப்பாறை வந்ததே இல்லை. ஆனால் இதுவும் பனியுகத்தின் பிள்ளைதான் என்பது பலருக்குத் தெரியாது. வடக்கே தண்ணீரெல்லாம் பனியாக உறைந்து கிடந்த சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகமெங்கும் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத அடித்தரை காய்ந்து வெட்டவெளியாகக் கிடந்தது. அந்த மணலைக் காற்று அள்ளிக் குவித்தது என்பது ஒரு கருத்து. மேற்கே மலையடிச் செம்மண்ணைத் தென்மேற்குக் காற்று கொண்டுவந்தது என்பது இன்னொரு கருத்து. எப்படியானாலும் குவித்தது காற்று. மணலில் கலந்த இரும்புத் தாது துருவேறி ஒவ்வொரு பொடியின் மேலும் தோலாகப் படிந்ததால்தான் அந்தச் சிவப்பு. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், குங்குமம் மாதிரி ஒட்டும்.

அங்கே பனி குவித்தது, இங்கே காற்று குவித்தது. பனி குவித்தது கல்லும் மணலும் கலந்த உறுதியான மேடு. சக்கரம் அதன் மேலே ஓடும். காற்று குவித்தது ஒரே அளவான பொடிமணல். சக்கரம் உள்ளே இறங்கும். வீடியோவை நம்பித் தேரிக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

இனி சைக்கிள். சரளைப் பாதைக்கென்றே கிராவல் பைக் என்று பெயர் போட்டு விற்பதைத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. டயரின் அகலம்தான் எல்லாம். 40 மி.மீ. டயர் ஏறுகிற, ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஹைப்ரிட் சைக்கிள் கையில் இருந்தால் போதும். நம்ம ஊரில் தபால்காரர், பால்காரர், மீன்காரர் எல்லாரும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயர் 28க்கு 1½ அங்குலம். சர்வதேச அளவுமுறையில் அதை 40-635 என்று எழுதுவார்கள். அதாவது அகலம் 40 மி.மீ. இன்றைக்குக் கிராவல்காரர்கள் கேட்கிற அகலம் அதேதான்! வரப்பிலும் குளத்துக்கரையிலும் ஒரு மூட்டை நெல்லோடு அந்தச் சைக்கிள் போனது சும்மா இல்லை.

புதிதாக வாங்குவதென்றால் மூன்று பாருங்கள். டிஸ்க் பிரேக் வேண்டும், ஏனென்றால் கால்வாய்க்கரையில் ரிம் எப்போதும் ஈரமும் மண்ணுமாக இருக்கும். 45 மி.மீ. வரை டயர் ஏற இடம் வேண்டும். கியரில் நல்ல இளக்கமான பல் ஒன்று வேண்டும். அது மலைக்கு அல்ல, மணலுக்கு. மற்றதெல்லாம் உங்கள் வசதி.

நான் நீட்டிச் சொல்ல விரும்புவது முள்ளைப் பற்றி. பின்லாந்துக்காரருக்கு இந்தத் தொல்லை தெரியாது. இங்கே குளத்துக்கரை முழுக்க உடைமரம், அதைவிடச் சீமை உடை, அதாவது சீமைக்கருவேலம். வெட்டி விறகாக இழுத்துக்கொண்டு போகிற வழியில் முள் உதிர்ந்து கிடக்கும். காய்ந்த சீமை உடை முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், டயர் எம்மாத்திரம். அதற்கும் மேலே நெருஞ்சி. மஞ்சள் பூவைப் பார்த்து அழகு என்று நினைத்தால், அடுத்த மாதம் அதே இடத்தில் எப்படி விழுந்தாலும் ஒரு கூர் மேலே நிற்கும் காய். சேரன்மகாதேவி தாண்டி ஒரு மடையருகே நின்று முன் டயரில் மட்டும் எண்ணியபோது பதினேழு நெருஞ்சி முள். பிடுங்கப் பிடுங்க டயருக்குள் ஊற்றியிருந்த, துளை அடைக்கும் சீலன்ட் ஒவ்வொரு துளையிலும் வெள்ளையாகக் கொப்புளித்து, அரை நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது. மடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து குந்தி, ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பார்த்தார். "பால் வடியுத மரம் மாதிரில்லா இருக்கு. ரப்பர் மரத்துப் பாலா தம்பி?" என்று கேட்டார். இயற்கை ரப்பர்ப் பால் கலந்த சீலன்ட்தான் அது, சரியாகவே சொன்னார். ஆகவே உள்ளே டியூப் இல்லாமல் இப்படிச் சீலன்ட் ஊற்றி ஓட்டும் டியூப்லெஸ் டயர் கட்டாயம். டியூப் போட்ட சைக்கிளானால் மூன்று டியூப், ஒரு பஞ்சர்ப் பெட்டி, நிறையப் பொறுமை. காற்று, எழுபது கிலோ ஆளுக்குக் கரைப்பாதையில் 35 பி.எஸ்.ஐ. சுமாராகச் சரி. மணலில் 20 வரை இறக்கலாம். திரும்ப ஏற்றுவதற்குக் கைப்பம்பு இல்லாமல் இறக்க வேண்டாம்.

மாசம் எது? வடகிழக்கு மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, பிசான நெல் பச்சை பிடித்து நிற்கிற தையும் மாசி முற்பாதியும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ஜூன், ஜூலையில் அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் அருமையாக இருக்கும், மேற்கேயிருந்து வருகிற காற்று முதுகைத் தள்ளி உங்களைக் கிழக்கே கொண்டுபோய்விடும், அது உண்மை. ஆனால் அதே காற்று தேரியில் மணலைக் கிளப்பிக் கண்ணைத் திறக்கவிடாது, மானாவாரிக் குளமெல்லாம் வெடித்துக் கிடக்கும். தையில் எதிரே லேசாக வாடைக்காற்று இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். மார்ச்சில் அறுப்பு. கரைமேல் நெல் காயப்போட்டிருப்பார்கள், அப்போது கரையில் இறங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வரவே வேண்டாம். குறிப்பாக ஆற்றுக்கு வடக்கே மானூர், கயத்தாறு பக்கத்துக் கரிசலில். ஒருமுறை மழைக்கு மறுநாள் மானூர் அருகே கரிசல் காட்டுப் பாதையில் இறங்கி, இருபது அடிகூடப் போகவில்லை. மண் டயரோடு சுருண்டு ஏறி ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இறுகி, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலை வரை நடந்தேன்.

பாதை. மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வளைந்து நெளிந்து போவதையும் சேர்த்து 130 கி.மீ. பக்கம் வரும். தூரம் குறைவு என்று நினைக்காதீர்கள், கரையில் ஒரு மணிக்கு 12 கி.மீ. போனால் நல்ல வேகம்.

முதல் நாள் கல்லிடைக்குறிச்சி. ரயிலில் வந்து இறங்கலாம். கன்னடியன் அணைக்கட்டிலிருந்து கால்வாயின் கரையைப் பிடியுங்கள். வலது பக்கம் மலை கூடவே வரும், இடது பக்கம் வயல், அதற்கப்பால் ஆறு. வெள்ளாங்குளி, காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல் என்று கால்வாய் 30 கி.மீ.க்கு மேல் போகிறது. நாதசுர மேதை அருணாசலத்தின் ஊர் ஒன்று, கோரைப்பாயின் ஊர் ஒன்று. நின்று நின்றுதான் போகவேண்டும். கரை ஒரே சீராக இருக்காது. கொஞ்சத் தூரம் சிமெண்ட், கொஞ்சத் தூரம் கெட்டிச் செம்மண், கொஞ்சத் தூரம் சரள், அப்புறம் வீடுகள் கரையை ஒட்டி வந்துவிடும், ஊருக்குள் புகுந்து திரும்பக் கரைக்கு வரவேண்டும். சேரன்மகாதேவியில் கால்வாய்க்கரையிலேயே மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்தால் மிளகை அரைத்து அவர் மேல் பூசுவார்கள். எரிச்சல் தாங்காமல் தண்ணீர் வரவழைப்பார் என்பது நம்பிக்கை. அந்தக் குளிர்ந்த திண்ணையில் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

இங்கே காட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையைப் பார்த்ததும் ஏறத் தோன்றும். பாபநாசத்துக்கு மேலே, மணிமுத்தாறுக்கு மேலே, களக்காட்டுக்கு மேலே எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் அறிவித்தார்கள், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். சோதனைச் சாவடியைத் தாண்டிச் சைக்கிளில் போக நினைக்கவே வேண்டாம். பின்லாந்தில் யாருடைய காட்டிலும் சேதம் செய்யாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் எல்லாருக்கும் உரிமை உண்டு, அது அந்த நாட்டு வழக்கம். நம்ம காட்டில் யானையும் கரடியும் சிறுத்தையும் இருக்கின்றன, சத்தமில்லாமல் வேகமாக வருகிற சைக்கிள் அவற்றுக்குப் பெரிய பயம். பயந்த கரடி என்ன செய்யும் என்று கடையம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். சட்டம் இருக்கட்டும், அந்த இடம் அவற்றுக்கு விட்ட இடம். மணிமுத்தாறு அணைக்குக் கீழே, சிங்கம்பட்டிப் பக்கம் மலையடிச் சாலைகளில் ஓட்டினாலே காட்டின் வாசம் போதுமான அளவு கிடைக்கும். அங்கேயும் மாலை ஐந்தரைக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஆற்றுப் பாசனத்தை விட்டுத் தெற்கே திரும்புகிறீர்கள். நான்குவழிச் சாலையைக் கடந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். மண்ணின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். நெல் வயல் குறைந்து பனையும் உடையும் கூடிவரும். மானாவாரிக் குளங்களின் நாடு இது. சரள் அருமையாக இருக்கும், டயர் அடியில் பொரி பொரிவது மாதிரிச் சத்தம். சைக்கிள் ஓட்டுகிற சுகம் என்று பார்த்தால் மூன்று நாளில் இதுதான் உச்சம்.

கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாயில் வருகிறது. தண்ணீர் வந்தால் பறவை வரும். மங்கோலியா, திபெத்துப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து இங்கே வந்து மேயும், பூநாரை வரும். ஊருக்குள் வீட்டு மரத்தில், தலைக்கு மேலே, மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது என்று யாரும் மரத்தை வெட்டுவதில்லை. பறவை வந்தால் மழை வரும், ஊர் செழிக்கும் என்று வைத்திருக்கிறார்கள். பறவை கலையும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994இல் சரணாலயமாக அறிவித்ததும், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்ததும் அதற்கு அப்புறம் நடந்தவை. காத்தது அந்த ஊர். ஊர் எல்லையிலேயே இறங்கிவிடுங்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள். ஃப்ரீவீலின் அந்த டிக் டிக் சத்தத்துக்கே குஞ்சுகள் தலையைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கரையில் எப்போதுமே ஓர் ஒழுங்கு உண்டு. குளத்துக்கரை பொதுப்பாதை மாதிரித் தெரியும், ஆனால் அது அந்தத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களின் உயிர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அன்றைக்குக் கரைகள் எத்தனையோ இடத்தில் உடைந்து ஊரும் வயலும் மூழ்கின. உடைந்த இடத்தில் புதுமண் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது அதன்மேல் சக்கரம் போனால் தடம் விழும், தடத்தில் மழைத்தண்ணீர் ஓடும், ஓடினால் அரிக்கும். அதனால் புதுமண் ஈரமாக இருந்தால் கீழே இறங்கிச் சுற்றிப் போங்கள். மாடு எதிரே வந்தால் நீங்கள் நில்லுங்கள். மடையைத் திறந்துகொண்டிருப்பவரைப் பார்த்தால், "அண்ணாச்சி, இப்படியே போனா அந்தப் பக்கம் இறங்கலாமா?" என்று கேளுங்கள். எந்தச் செயலியும் காட்டாத வழி அந்தக் கேள்விக்குக் கிடைக்கும். பல தடவை ஒரு டம்ளர் மோரும் கூடவே கிடைத்திருக்கிறது.

மூன்றாம் நாள் சாத்தான்குளம் கடந்து குதிரைமொழித் தேரி. விடியுமுன் போய்ச் சேருங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், நிழல் கிடையாது. தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. ஆகவே தார்ச்சாலையையும் கோயிலுக்குப் போகிற வழிகளையும் விட்டு விலக வேண்டாம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகும் வழி நல்லது. தேரிக்கு நடுவே ஊற்றெடுத்த சுனை, அதைச் சுற்றிப் பெரிய மரங்கள். அந்தச் சிவப்புக்கு நடுவே அத்தனை பச்சையை முதல் தடவை பார்த்தபோது சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். மணல் மழைநீரையெல்லாம் உள்ளே வாங்கி, அடியில் தேக்கி, தாழ்ந்த இடத்தில் சுனையாக விடுகிறது. தேரி வறண்ட இடம் என்று சொல்கிறவர்கள் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்கவேண்டும்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, காய்ந்த தேரியில் 45 மி.மீ. டயரும் இறங்கும். பின்சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. மழை பெய்த மறுநாள் காலை மட்டும் மேல்மணல் இறுகி நிற்கும், அப்போது ஓட்டலாம். மற்ற நாளில் உருட்டுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை; மெதுவாக நடந்தால்தான் கொல்லாமரத்தின் (முந்திரி) அடியில் மணல் எப்படி அலை அலையாக மடிந்திருக்கிறது என்று தெரியும். கீழே வெள்ளையாகவோ மங்கிய பழுப்பாகவோ கூரிய கல்சில்லு ஏதாவது தென்பட்டால் எடுக்காதீர்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத் தேரிகளில் கிடைத்த இப்படிப்பட்ட சில்லுகளை ஆராய்ந்து, வேட்டையாடிப் பிழைத்த ஆதி மனிதர்களின் நுண்கற்கருவிகள் என்று 1956இல் தொல்லியல் அறிஞர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் எழுதினார்கள். எந்த மணலடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் காலம் தெரியும். பையில் போட்டால் அது வெறும் கல்.

இதேபோல, தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. சரளும் கல்லுமாக உயர்ந்து கிடக்கும் மேடு, சைக்கிள்காரன் கண்ணுக்கு ஆசை காட்டும். அது முழுக்க ஈமத்தாழிகள் புதைந்த இடம். வெளியே நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள்.

தேரியிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு வழி. கடல் பார்க்கவேண்டுமானால் உடன்குடி வழியாகத் திருச்செந்தூர். அங்கிருந்து நெல்லைக்கு ரயில் இருக்கிறது. இன்னும் கால் ஓயவில்லையென்றால் வடக்கே தென்திருப்பேரைப் பக்கம் ஏறி, மருதூர் மேலக்கால் பாயும் கடம்பாகுளத்தின் கரைக்குப் போகலாம். அந்தக் கரையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், அவ்வளவு தண்ணீர். நீங்கள் முதல் நாள் பார்த்த அதே ஆற்றுத் தண்ணீர்.

எனக்கு விருப்பம் உடன்குடி வழிதான். மாசி பிறந்துவிட்டால் பனையில் ஏற ஆரம்பித்திருப்பார்கள். ரோட்டோரம் பதநீர் காய்ச்சும் விடிலியில் புகை வந்தால் நிறுத்துங்கள். போன வருஷம் அப்படி நின்றேன். தேரி மணலில் ஒன்றரை மணிநேரம் உருட்டி வந்த களைப்பு. அப்போதுதான் இறக்கிய பயினியை (பதநீரை) ஓர் அம்மா பனையோலைப் பட்டையில் ஊற்றிக்கொடுத்து, "ரெண்டு கையாலயும் பிடி, ஓரத்த மடக்கிக்க, இல்லன்னா சட்டையெல்லாம் போயிரும்" என்றார். சுண்ணாம்பும் ஓலையும் கலந்த மணம். இரண்டாவது பட்டைக்குக் கை நீட்டும்போது சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்த அவர் வீட்டுக்காரர், டயரில் இருந்த சிவப்பு மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டி, "காயாமொழிப் பக்கமா வந்தியளோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்தப் பக்கத்து மண்ணு இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும், எங்க பக்கம் வெளுப்பு" என்று சொல்லி, அடுப்பைத் தள்ளிவிடப் போய்விட்டார்.

நீங்கள் தை கடைசியில் வருவதானால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். எந்தக் கரையில் வேலை நடக்கிறது, எந்தக் கால்வாயில் தண்ணீர் அடைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன். டயர் மட்டும் இப்போதே 40க்கு மாற்றி, பெங்களூரிலேயே சீலன்ட் ஊற்றி, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.